கடல் தாண்டிய டோப்பா

ஸ்வர்ணலதா திருமலையில் மொட்டை அடித்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அது எவ்வளவு பெரிய வினை என்று அவளுக்குத் தெரிந்தது புதன்கிழமை காலை. கோலாலம்பூருக்கு விமானம் ஏற வேண்டியது வெள்ளிக்கிழமை.

புத்தூரில் டிக்கெட் போட்டுத் தரும் பவன்குமார், விமான டிக்கெட்டை அச்சடித்து எடுத்துக்கொண்டு வடமாலபேட்டையில் இருந்த அவர்கள் வீட்டுக்கே வந்திருந்தான். காபிக்குக் கை நீட்டியவன் டம்ளரைப் பிடிக்காமல் அவள் தலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, பாஸ்போர்ட்டுக்கு ஃபோட்டோ எப்ப எடுத்தீங்க?"

"ஆடி மாசம்."

"முடியோடவா?"

"இல்ல, முடிய கழட்டி ஆணியில மாட்டிட்டு எடுத்தேன். கேக்கறான் பாரு கேள்வி!"

பவன்குமார் சிரிக்கவில்லை. "ஃபோட்டோவுல ஒரு மொகம், நேர்ல ஒரு மொகம் இருந்தா இமிக்ரேஷன்ல வுட மாட்டாங்கக்கா. வெனக்கி பம்பிஞ்சேஸ்தாரு" என்றான். அதாவது, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

இந்தப் பவன்குமார் விமான நிலைய வாசலில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியவனே தவிர, உள்ளே ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அந்த நேரத்தில் அது யாருக்கு ஞாபகம் வந்தது? தெரிந்த மாதிரி பேசுகிறவனை நம்பிவிடுவதுதானே நம் எல்லோருக்கும் வழக்கம்.

ஸ்வர்ணலதாவையும் குறை சொல்ல முடியாது. திருப்பதியைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு மொட்டைத் தலை ஒரு விஷயமே இல்லை. பஸ்ஸில் முன் சீட்டில் ஒன்று, பக்கத்து சீட்டில் ஒன்று, கண்டக்டர் தலையே சில நாள் பளபளக்கும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். "மலையில கூட்டமா?" என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு, மொட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

அவள் கணவர் முனிரத்தினம் மட்டும் முதலிலேயே சொல்லிப் பார்த்தார். "போய்ட்டு வந்து குடுக்கலாமே லதா. சாமி எங்க போயிடப் போறாரு?"

"சாமி பாக்கிய வெச்சிக்கினு நான் கடல் தாண்ட மாட்டேன்" என்று அவள் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

எதற்கு இந்த வேண்டுதல் என்று கேட்டதற்கு, பாஸ்போர்ட் வந்ததற்கு என்றாள். பாஸ்போர்ட்டுக்குப் போய் யாராவது இடுப்புவரை இருந்த முடியைக் கொடுப்பார்களா? மனிதர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பெட்டியில் எந்தச் சட்டையை வைப்பது என்று பார்க்கப் போய்விட்டார்.

இருவருக்கும் ஊர் சுற்றும் பைத்தியம் கல்யாணமான வருஷமே பிடித்தது. மாங்காய் எல்லாம் இறக்கி முடிந்த ஓய்வில், வேர்க்கடலை காயவைக்கும் படுதாவைச் சுருட்டிக்கொண்டு கைலாசகோனை அருவிப் பக்கம் போய், இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி அதன் கீழே தங்கினார்கள். "வூட்ல எடமா இல்ல? புதுசா கட்டிக்கினு வந்த பொண்ண காட்டுல படுக்க வெக்கறானே!" என்று ஊரே வாயில் கை வைத்தது. விடியற்காலையில் குரங்குக் கூட்டம் புளிசோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறி, இலையைப் பிரித்து, இவர்களைப் பார்த்துக்கொண்டே தின்றது. பட்டினியோடு உட்கார்ந்து சிரித்தாளே ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் இவளோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று முனிரத்தினம் முடிவு கட்டினார்.

அப்புறம் யார் பிடித்து நிறுத்துவது? சூளூர்பேட்டைக்கு மொபெட்டிலேயே போய், ஏரியில் செந்நிறமாக நிற்கும் பூநாரைகளைப் பார்த்து வந்தார்கள். சந்திரகிரிக் கோட்டைக்கு எத்தனை தடவை போனார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு கன்னியாகுமரி, ஊட்டி, காசி என்று கால் நீண்டது. போன இடத்தில் எல்லாம் ஒரே மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அவர் வலது கையால் மீசையை முறுக்குவார். அவள் பின்னலை முன்னால் போட்டு இடது கையால் பிடித்திருப்பாள். வீட்டுச் சுவர் முழுக்க அந்த மீசையும் அந்தப் பின்னலும்தான்.

காசிக்குப் போகும்போது கூடூர் ஜங்ஷனில் ஒரு கூத்து நடந்தது. அவர் வடை வாங்க இறங்கினார். ரயில் நகர ஆரம்பித்தது. அவர் ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டார். ஆளைக் காணோமே என்று பதறி, இவள் பெட்டி படுக்கையோடு பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டாள். இறங்கி நிற்கிறவளைப் பார்த்து அவரும் குதித்தார். ரயில் மட்டும் ஒழுங்காகக் காசிக்குப் போனது. பெட்டியின் மேல் உட்கார்ந்து வடையைத் தின்றுகொண்டே, அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார்கள்.

"இனிமே ஏறினா ஒண்ணா ஏறணும். எறங்கினா ஒண்ணா எறங்கணும்."

அந்தச் சட்டத்தை ஒரு தடவைகூட மீறியதில்லை. போன வருஷம் முனிரத்தினத்துக்கு நெஞ்சு வலித்து, திருப்பதி ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தபோதுதான் அவர் மட்டும் தனியாக ஒரு கதவுக்கு உள்ளே போனார். அவள் வெளியே நின்றாள். அங்கே நின்றபடிதான் மலை இருக்கும் திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். "இவர எழுப்பி உக்கார வெச்சிடுப்பா. இன்னும் ஒரு தபா இவரோட நான் ஊரு சுத்தணும். எங்கயாவது போறதுக்குள்ள என் முடிய முழுசும் உனக்குக் குடுத்துடறேன்."

இதை அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அழுதுவிடுவார் என்று பயம். மீசை பெரிதே தவிர, ஆள் அவ்வளவு உறுதி கிடையாது.

ஒரு வருஷம் எங்கேயும் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வருஷமும் மனிதர் சுவரில் இருந்த படங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு டாக்டர் தலையாட்டிய அன்று, "வெளிநாடு போலாமா?" என்று அவள் கேட்டபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை ஸ்வர்ணலதா மட்டும்தான் பார்த்தாள். இப்போது அவளைத் திருப்பி அனுப்பினால் அவரும் திரும்பிவிடுவார். சட்டம் அப்படி. அவருக்காக வேண்டிக்கொண்ட வேண்டுதலே அவர் பயணத்தைக் கெடுத்துவிடுமா என்று நினைக்க நினைக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மத்தியானமே புத்தூருக்கு ஓடினாள். அங்கே பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ரோஜா, கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். அவளிடம் டோப்பா இருக்கும்.

இருந்தது, ஒன்றே ஒன்று. ரிசப்ஷனுக்கு நிற்கும் பெண்கள் வைத்துக்கொள்வது. நுனியில் செம்பட்டை அடித்து, சுருள் சுருளாக விட்டிருந்தது.

"வேற இல்லியா ரோஜா? நர வெச்ச மாதிரி, எண்ண வெச்சி படிய வாரின மாதிரி?"

"நரச்ச டோப்பாவ எந்தக் கல்யாணப் பொண்ணு கேப்பா, அத்த?"

வேறு வழியில்லை. வாங்கி வந்து வைத்துக் காட்டினாள். முனிரத்தினம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏங்க, எப்படி கீது?"

"உன்ன பொண்ணு பாக்க வந்தப்ப கூட நீ இப்படி இல்ல."

"வெளாடாதீங்க. வுடுவாங்களா மாட்டாங்களா?"

"மொட்டத் தலையோடவே வா லதா. எவன் இன்னா சொல்றான்னு பாத்துக்கலாம்."

அவள் கேட்டால்தானே? வியாழக்கிழமை பெட்டி கட்டும்போது இரண்டு பேருடையதையும் தனித்தனியாகக் கட்டினாள். அவர் மாத்திரைகளை எல்லாம் ஒரு நீல டப்பாவில் போட்டு அவர் பையிலேயே வைத்தாள். என்னைப் பிடித்து வைத்துக்கொண்டாலும் இவரை எப்படியாவது தள்ளி அனுப்பிவிட வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். எப்போதும் ஒரே பெட்டிதானே என்று அவர் கேட்டதற்கு, வெளிநாட்டில் அப்படித்தான் என்று அடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை சென்னை விமான நிலையம். வாசலில் நின்ற காவலர் பாஸ்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பெட்டி போடும் இடத்திலும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்வர்ணலதாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தைரியம் வந்த கையோடு வேர்க்கவும் ஆரம்பித்தது. டோப்பாவுக்குள் மண்டை அரித்தது அரிப்பு. சொறியவும் முடியாது, விடவும் முடியாது.

இமிக்ரேஷன் கவுன்ட்டரில் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். முனிரத்தினத்தின் பாஸ்போர்ட்டை வாங்கி, மீசையைப் பார்த்து, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். அடுத்தது இவளுடையது. புகைப்படத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் புகைப்படத்தைப் பார்த்தாள்.

"இது யாரும்மா?"

"நான்தாம்மா."

"உங்க அம்மா மாதிரி இருக்காங்க."

முனிரத்தினத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. ஸ்வர்ணலதா அவர் காலை மிதித்தாள்.

"தலையில என்ன வெச்சிருக்கீங்க?"

"முடி."

"அது தெரியுது. யாரோடது?"

"ரோஜாவோடது" என்று வாயில் வந்துவிட்டது. யூனிஃபார்ம் போட்டவர்கள் முன்னால் அவளுக்குப் பொய்யே வராது.

அதிகாரியின் முகம் மாறியது. "அடையாளத்த மறைச்சிக்கிட்டு இங்க வரக்கூடாதும்மா. பெரிய ஆபீசரைக் கூப்பிடணும். சார், உங்களுக்கு முடிஞ்சிடுச்சி, நீங்க முன்னாடி போங்க."

பயந்தது அப்படியே நடக்கிறது. ஸ்வர்ணலதா புருஷன் பக்கம் திரும்பி மூச்சு விடாமல் பேசினாள். "நீங்க போங்க. மாத்திர நீல டப்பாவுல கீது, காலையில ரெண்டு, ராத்திரி ஒண்ணு. உப்பு கம்மியா துன்னுங்க. நான் பஸ் புடிச்சி வூட்டுக்குப் போயிடறேன். போங்கன்னா!"

"ஓகோ, இதுக்குத்தான் ரெண்டு பெட்டியா?" என்றார் முனிரத்தினம். "கூடூர மறந்துட்டியா?"

அவர் தன் பாஸ்போர்ட்டைத் திரும்பவும் கவுன்ட்டர் மேல் வைத்தார். "மேடம், இதுல குத்தின முத்திரைய எடுத்துடுங்க. இவ வராம நான் நவுர மாட்டேன்."

"முத்திரையை எல்லாம் எடுக்க முடியாது சார்."

"அப்போ நான் இங்கயே நிக்கறேன்."

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஸ்வர்ணலதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த மனிதர், ஏற வேண்டிய நேரத்தில் இப்படி முரண்டு பிடித்தால்? எல்லாம் இந்தப் பாழாய்ப்போன டோப்பாவால். வந்தது வரட்டும் என்று அதைப் பிடுங்கிக் கவுன்ட்டர் மேல் போட்டாள். "இந்தாம்மா! இதான் நான். சாமிக்குக் குடுத்துட்டேன். போட்டோவுல இருக்கறதும் நான்தான். வெங்கடேசப் பெருமாள் மேல சத்தியமா நான்தான்!"

அதிகாரி மொட்டைத் தலையைப் பார்த்தாள். காதோரம் இன்னும் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், பக்கத்துக் கவுன்ட்டர் அதிகாரியே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

"இதை முதல்லயே கழட்டிட்டு வந்திருக்கக் கூடாதாம்மா? இந்த கவுன்ட்டர்ல நான் பாக்காத திருப்பதி மொட்டையா? கண்ணும் மூக்கும் ஃபோட்டோவுல இருக்கற மாதிரியே இருக்கு. இந்த டோப்பாதான் உங்கள மறைச்சிது." தன் குட்டை முடியைத் தடவிக் காட்டினாள். "எனக்கே இப்பத்தான் இவ்ளோ வளர்ந்திருக்கு. பையனுக்குக் காலேஜ்ல சீட்டு கெடைச்சதுக்குக் குடுத்தேன். நீங்க எதுக்குக் குடுத்தீங்க?"

பொய் வராதே இவளுக்கு. "இவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்கம்மா. பொழைச்சி வந்து, இவரோட இன்னும் ஒரு தபா ஊரு சுத்தணும்னு வேண்டிக்கினேன்."

முனிரத்தினம் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். அதிகாரி முத்திரையைக் குத்தி, டோப்பாவையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தாள். "போய்ட்டு வாங்கம்மா. நல்லா சுத்திட்டு வாங்க."

விமானம் மேலே ஏறியது. கீழே கடல் தெரிந்தபோது முனிரத்தினம் அவள் மொட்டைத் தலைமேல் கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"பாஸ்போர்ட்டுக்குன்னு சொன்னியே?"

"பாஸ்போர்ட்டும்தான் வந்துச்சே" என்றாள் அவள். அவர் அழத்தான் செய்தார். பக்கத்து சீட்டுக்காரர் முதல் தடவை விமானம் ஏறிய பயம் என்று நினைத்து மிட்டாய் கொடுத்தார்.

கோலாலம்பூரில் அவர்கள் பண்ணிய அட்டகாசத்தைச் சொல்லி முடியாது. இரட்டைக் கோபுரத்தின் முன்னால் வழக்கமான படம் எடுக்க வேண்டும். மீசை இருக்கிறது, பின்னல் இல்லை. அவள் பையில் இருந்து டோப்பாவை எடுத்து, தோள்மேல் போட்டு, இடது கையால் பிடித்துக்கொண்டாள். படம் எடுத்துக் கொடுத்த சீனப் பெண் சிரித்த சிரிப்பில் முதல் படத்தில் கோபுரமே வரவில்லை. போகிற இடமெல்லாம் புளிசோற்றுக்குப் பதில், நம் பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாய் கிடைத்தது. இதற்கு ஊரில் இருந்து கொஞ்சம் ஊறுகாய் கொண்டு வந்திருக்கலாமே என்று ஒவ்வொரு வேளையும் புலம்பிக்கொண்டே, ஒவ்வொரு வேளையும் கூட ஒன்று வாங்கித் தின்றாள்.

பத்துமலையில் முருகனைப் பார்க்க மெல்ல மெல்ல, நின்று நின்று படி ஏறினார்கள். இறங்கி வந்ததும் "இளநி குடிச்சிக்கினு இரு, தோ வந்துடறேன்" என்று முனிரத்தினம் எங்கோ போனார். போனவரை வெகுநேரம் காணோம். அவள் எழுந்து தேட ஆரம்பித்தாள். எதிரே ஒரு மொட்டைத் தலைப் பெரியவர் வழி மறிப்பது போல வந்து நின்றார். யாரோ என்று நகர்ந்து நின்றாள். அவரும் அதே பக்கம் நகர்ந்தார்.

"இன்னாமே, கட்டின புருஷன அடையாளம் தெரியல?"

"அய்யய்யோ! மீச எங்க?"

"முடியோட அதையும் குடுத்துட்டேன்."

முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு நாளும் கத்தரி படாத மீசை. பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் கேலி செய்தும் எடுக்காத மீசை. அது இல்லாத இடத்தில் மேலுதடு வெளுத்துப்போய், பச்சைப் பிள்ளைபோல இருந்தது.

"எதுக்குங்க? இன்னா வேண்டுதல்?"

"அது எனக்கும் சாமிக்கும். நீ மட்டும் ஒரு வருசம் சொன்னியா?"

குழைந்து கேட்டாள். அதட்டிக் கேட்டாள். பேசாமல் இருந்து பார்த்தாள். திரும்பி வரும் விமானத்தில் கிள்ளியும் பார்த்தாள். மனிதர் அசையவில்லை.

சென்னையில் இறங்கி, இமிக்ரேஷன் வரிசையில் நின்றார்கள். இந்தத் தடவை கவுன்ட்டரில் இளவயசு அதிகாரி ஒருத்தர். ஸ்வர்ணலதாவை உடனே விட்டுவிட்டார். முனிரத்தினத்தின் புகைப்படத்தைப் பார்த்தவர் புருவத்தைத் தூக்கினார்.

"மீசை எங்க சார்?"

ஸ்வர்ணலதா போன வேகத்தில் திரும்பி வந்தாள். இப்போது அவள் இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவள். "எங்க வூட்டுக்காரருதான் சார். கண்ணப் பாருங்க, மூக்கப் பாருங்க. டோப்பா ஒண்ணு கீது, வேணும்னா போட்டுக் காட்டச் சொல்லட்டுமா?"

"வேணாம்மா, வேணாம்மா!" அதிகாரி சிரித்துவிட்டார். "எந்த ஊரு? திருப்பதி பக்கமா? மலையைப் பக்கத்துல வெச்சிக்கிட்டு மலேசியா போயா மொட்டை அடிச்சீங்க?"

"அங்க நின்னப்பதான் தோணுச்சி சார்" என்றார் முனிரத்தினம்.

"அப்படி என்ன வேண்டுதல்?"

ஸ்வர்ணலதா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யூனிஃபார்ம் முன்னால் பொய் சொல்லத் தெரியாதது அவளுக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது. மனிதர் இல்லாத மீசையை ஒரு தரம் தடவினார்.

"நாங்க எங்க போனாலும் ஏறினா ஒண்ணா ஏறுவோம், எறங்கினா ஒண்ணா எறங்குவோம் சார். போன வருசம் நான் மட்டும் தனியா எறங்கப் பாத்தேன். கடைசியில என்னிக்கு எறங்கினாலும், ரெண்டு பேரும் ஒண்ணாவே எறங்கணும்னு வேண்டிக்கினேன்."

இளவயசுக்காரர் முத்திரையைக் குத்தி, எழுந்து நின்று, இரண்டு கையாலும் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்.

ஸ்வர்ணலதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிரே நிற்கும் மொட்டைத் தலை இரண்டு மூன்றாகத் தெரிந்தது. கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சுற்றிலும் ஜனம். கையில் கிடைத்தது டோப்பாதான். அதை எடுத்து அவர் தலையில் ஒரே அமுக்காக அமுக்கினாள். செம்பட்டைச் சுருள்கள் அவர் கண்ணை மறைத்தன.

"எறங்கற பேச்சு இப்ப எதுக்கு?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அடுத்து எங்க ஏறப் போறோம்? அதச் சொல்லுங்க மொதல்ல."